புளியரை வளைவுக்கு நாலு டயர்

அண்ணன் வீல் ஸ்பேனரை எறிந்தது ஆடி மாதம். என் இடது புருவத்துக்கு மேலே பட்டது. நாலு தையல். அவன் வண்டியின் பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்று என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். நான்காவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது ஸ்பேனர் வந்தது.

நான் ஆட்டோமொபைல் படித்தவள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு டயர் தொழிற்சாலையின் சோதனைத் தடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். நனைத்த தரையில் வண்டியை ஓட்டி, பிரேக் மிதித்து, நின்ற தூரத்தை அளப்பது என் வேலை. அப்பா இறந்த பிறகு தென்காசிக்குத் திரும்பி, குற்றாலம் ரோட்டில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மெண்ட் பார்க்கிறேன். கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அண்ணன் ஏழு பேர் உட்காரும் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறான். சீசனில் அருவிக்கு வருகிறவர்கள், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள். வீட்டில் அம்மா, மதினி, அண்ணனின் ஆறு வயது மகள்.

மகளைத் தவிர எல்லாரையும் அண்ணன் அடிப்பான். அப்பாவும் அடித்தார். நான் சின்ன வயதிலிருந்தே எதையும் பட்டியல் போடுகிறவள். எங்கள் வீட்டில் அடிக்கப் பயன்பட்ட பொருள்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு: கை, பெல்ட், ஈரத் துண்டு, கரண்டி, வண்டிச் சாவிக்கொத்து, ஸ்டூல். ஸ்பேனர் கடைசியாகச் சேர்ந்தது. மதினியின் வலது கை மோதிர விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அது ஸ்டூல்.

கடைக்கு வருகிறவர்களில் சிலர் வீடியோ பார்த்துவிட்டு, "விண்டர் டயர் இருக்கா?" என்று கேட்பார்கள். பனி விழுகிற நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனி டயர் மாட்டுகிறார்கள். குளிரில் சாதாரண ரப்பர் விறைத்துப்போகும், அதனால் மென்மையான ரப்பரில், நெருக்கமான வெட்டுகளோடு செய்கிறார்கள். நமக்கு அது வேண்டாம், நம் தார் ரோட்டுச் சூட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று சொல்லி அனுப்புவேன். ஆனால் எங்களுக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. கார்த்திகை மழையில், செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறும்போது, எதிரே மணல் லாரி பாதி ரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ரோட்டின் மேல் தண்ணீர் ஒரு தகடு மாதிரி ஓடும். அந்தத் தண்ணீரை டயரின் பள்ளங்கள் அள்ளி வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் டயர் தரையைத் தொடாது. பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

ஐப்பசி கடைசி நாள் அண்ணன் நாலு டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வாடகை வண்டி ஸ்டாண்டுக்கு வந்தான். வேறு ஊரில், தெரிந்த ஒருவரிடம், புதுசில் கால்வாசி விலை. ஸ்டாண்டில் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து டயரைக் காலால் உதைத்துப் பார்த்துப் பாராட்டினார்கள். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற வழி அது. குனிந்து பள்ளத்துக்குள் விரலை விட்டேன். விளிம்பு கத்தி வெட்டியது போல இருந்தது. பள்ளத்தின் அடியில், ரப்பருக்கு உள்ளே இருக்க வேண்டிய நூல் தட்டுப்பட்டது.

தேய்ந்து வழுக்கையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறி, கறுப்புப் பாலிஷ் அடித்து விற்பார்கள். பார்க்கப் புதுசு. உள்ளே ரப்பர் காகிதக் கனம்தான் மிச்சம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் செய்த வாரமும் வருடமும் நாலு இலக்கத்தில் இருக்கும். அதையும் பார்த்தேன்.

"அண்ணே, இது கீறின டயரு. எட்டு வருசத்துப் பழசு."

"யாருட்டி சொன்னா?"

"இங்கனயே எழுதியிருக்கு. அடியில நூலு தெரியுது, தொட்டுப் பாரு."

டிரைவர்களில் மூத்தவர் சிரித்தார். "ஏ மாப்ள, ஒன் தங்கச்சி டயருக்கு ஜாதகம் பாக்குதாளே. ஆயுசு கம்மியாம்."

மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் அடி விழுந்தது. வலது கன்னம், காதோடு சேர்த்து. நான் அவன் வண்டியின் பானெட் மேல் விழுந்தேன். இரண்டாவது அடி பிடரியில். யாரும் பிடிக்கவில்லை. நாளைக்கு மாலை போடப்போகிறவன், அதான் பாக்கி இல்லாம முடிச்சுட்டுப் போறான் என்று மூத்தவர் சொன்னது, ஒரு காது அடைத்திருந்ததால், தூரத்தில் கேட்டது.

மறுநாள் கார்த்திகை ஒன்று. குற்றாலத்தில் குளித்து, மாலை போட்டு, கறுப்பு வேட்டியோடு அண்ணன் வந்தான். நாற்பத்தொரு நாள் விரதம். அடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, கறி, குடி, சிகரெட் கூடாது. அவனை நாங்கள் சாமி என்று கூப்பிட வேண்டும். பெண்களை அவன் மாளிகைப்புறம் என்று கூப்பிட வேண்டும், மரியாதையாக.

"மாளிகைப்புறம், கொஞ்சம் தண்ணி தாங்க."

முந்தின நாள் அடித்த கையை நீட்டிக் கேட்டான். கொடுத்தேன். எனக்கு அந்தக் காதில் இன்னும் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வருடத்துக்கு நாற்பத்தொரு நாள் எங்கள் வீடு அப்படி இருக்கும். அம்மா அடுப்படியில் பாட்டை முணுமுணுப்பாள். மதினி சத்தமாகப் பேசுவாள். ஆனால் அண்ணனின் கை சும்மா இருக்கவில்லை. கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரு வண்டி விறகு கொண்டுவந்து இறக்கினான். காலையில் ஒரு மணி நேரம், மழை வந்தாலும், கோடாரியால் பிளப்பான். சிலாம்பு சுவர் வரை தெறிக்கும். யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டு பிளக்கிற மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சில சமயம் என் பக்கம் திரும்பி, மறுபடி விறகைப் பார்ப்பான்.

மூன்றாவது வாரம், இந்த வருடம் மகளையும் கூட்டிப் போவதாகச் சொன்னான். பத்து வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகள் மலைக்குப் போகலாம். அவளுக்கும் மாலை போட்டுவிட்டான். அவள் கறுப்புப் பாவாடையில், வீடெல்லாம் ஓடி, எல்லாரையும் சாமி சாமி என்று கூப்பிட்டாள்.

அன்றைக்கு நான் கேட்டேன். "சாமி, அந்த டயரோட பிள்ளையக் கூட்டிட்டுப் போவாதீங்க."

"மாளிகைப்புறம், வண்டிக்கும் மாலை போட்டாச்சு. மாலை போட்ட வண்டிக்கு டயரக் கழட்டக் கூடாது."

அப்படி ஒரு சம்பிரதாயம் உலகத்தில் கிடையாது. அந்த நிமிடம் அவனே உண்டாக்கியது. ஆனால் மதினி, "அப்படியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடிக்க முடியாத நாட்கள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கடையில் அண்ணாச்சியிடம் பேசினேன். அவரிடமும் அதே மாடல் வண்டி இருக்கிறது. அண்ணன் டயரோடு ஒப்பிட, அதில் இரண்டு செட் புது டயர் மாட்டிப் பார்க்க அனுமதி கொடுத்தார். பண்பொழி போகிற வழியில் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு காடு, உள்ளே நல்ல தார் ரோடு, வீடு ஒன்றுகூட இல்லை. மழைக்குக் காத்திருந்தோம். அண்ணனை ஸ்டாண்டு மூத்தவர்தான் கிளப்பிவிட்டார்.

"என்ன சாமி, தங்கச்சி கூப்பிடுதாளாமே. பயமா?"

மாலை இல்லாவிட்டால் மூத்தவரின் சட்டை கிழிந்திருக்கும். மாலை இருந்ததால் வந்தான்.

ரோட்டின் குறுக்கே செங்கல்லால் கோடு போட்டேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக். இரண்டு புது செட்டோடும் அண்ணாச்சி வண்டியை நான் ஓட்டினேன். நின்ற இடம் வரை நடந்து, என் தப்படியில் எண்ணினேன், ஒவ்வொன்றும் மூன்று தடவை.

முதல் செட், டாக்சிக்காரர்கள் விரும்பிக் கேட்பது. கடினமான ரப்பர். தேயவே தேயாது. காய்ந்த ரோட்டில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், வளைவில் வண்டி சாயாது. ஈரத்தில் முப்பத்தொரு தப்படி போய் நின்றது. ஒரு தடவை பின்பக்கம் லேசாக விலகியது.

இரண்டாவது செட், மென்மையான ரப்பர், நடுவில் அகலமாக நாலு பள்ளம். முதல் செட் ஓடுகிற தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடும், விலையும் கூடுதல். ஏழு பேர் பாரத்தோடு வளைவில் கொஞ்சம் குழைகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஈரத்தில் இருபத்து மூன்று தப்படி. மூன்று தடவையும் நேர்கோட்டில் நின்றது.

தினமும் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு, கோடையில், முதல் செட்தான் லாபம். அதை நான் அண்ணனிடம் மறைக்கவில்லை. இந்த மழையில், மலையில், பிள்ளையை வைத்துக்கொண்டு என்றால் இரண்டாவது.

பிறகு அண்ணன் தன் வண்டியை எடுத்தான். ஐம்பது என்று சொல்லியிருந்தேன், எழுபதில் வந்தான். கோட்டில் பிரேக் மிதித்தான். சத்தமே இல்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழும்பியது. முன்பக்கம் நேராக வர, பின்பக்கம் அதை முந்திக்கொண்டு வந்தது. வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி, பிளாட் நம்பர் எழுதிய கல்லைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளத்தில் பின்சக்கரத்தை வைத்து நின்றது. பம்பர் தனியாகக் கிடந்தது. கல் இரண்டாக உடைந்திருந்தது.

ஓடிப் போனோம். அண்ணனுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் ஹாரன் அலறியது. வாய்வரை வந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் "சாமியே சரணம், சாமியே சரணம்" என்று வெளியே வந்தன. அதுவரை சரணம் கேட்டு நான் பயந்ததில்லை.

நான் எண்ணினேன். கோட்டிலிருந்து எழுபத்தாறு தப்படி.

"எழுபதுல வந்தீங்க, அதனால இத ஒப்பிட முடியாது. இன்னொரு தடவ ஐம்பதுல வரணும் சாமி," என்றேன்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "போதும்மா. இது ஒப்பிடுத நேரமா?"

"இங்கன தண்ணி தேங்கிக் கெடந்துச்சு," என்றான் அண்ணன். "மலையில தேங்காது. ஓடிரும்." உதட்டைத் துடைத்துக்கொண்டு பம்பரை எடுத்து வண்டிக்குள் போட்டான். டயரை மாற்ற மாட்டான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

புறப்படுகிற நாள் காலை, இருமுடி கட்டுவதற்கு எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். அண்ணன், மகள், அம்மா, மதினி, கூடப் போகிற ஐந்து சாமிகள். வண்டி எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது. எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

மென்மையான டயர் நாலையும் என் சம்பளத்தில் வாங்கியிருந்தேன். கடையிலேயே மாட்டிக் கொண்டுவர அண்ணாச்சி தன் வண்டி ரிம்களை இரவல் கொடுத்தார். ஜாக்கி வைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மாற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது.

கழற்றிய சக்கரங்களை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். சும்மா வைத்தால் அவன் மறுபடி மாட்டிவிடுவான். முதலில் நாலு வால்வு ஊசியையும் கழற்றிக் காற்றை இறக்கினேன். காற்றுள்ள டயரைக் குத்தினால் கத்தி திரும்பி நம் முகத்துக்கு வரும். பிறகு கடைக் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, பக்கவாட்டில் இறக்கினேன். நடுப்பகுதியில் வெட்டினால் ஒட்டுப் போட்டு ஓட்டுவார்கள், பக்கவாட்டில் வெட்டினால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு டயருக்கு ஒரு சாண் நீளம் போதும். முதல் டயரில் அவ்வளவுதான் வெட்டினேன். இரண்டாவதில் இரண்டு இடம். மூன்றாவதைக் காலால் மிதித்துக்கொண்டு எத்தனை இடம் வெட்டினேன் என்று எண்ணவில்லை. நான்காவதில் கத்தி கம்பியில் மாட்டி முறிந்தது. என் உள்ளங்கை கிழிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். மூச்சு வாங்கியது. நன்றாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதில் பாதி பொய்யாகிவிடும்.

சரணம் போட்டுக்கொண்டு தெருவில் வந்தார்கள். அண்ணன் தலையில் இருமுடி. மகள் தலையில் குட்டி இருமுடி. தலையில் ஏற்றிய பிறகு அதைக் கண்ட இடத்தில் கீழே வைக்க முடியாது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அண்ணன் முற்றத்தில் கிடந்த நாலையும் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சரணம் நின்றுவிட்டது. கூட வந்த சாமிகள் தரையைப் பார்த்தார்கள்.

என் முன்னால் வந்து மெதுவாகச் சொன்னான். "மாளிகைப்புறம். மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டினதும் ஒங்கள நான் கவனிக்கேன்."

"சரிங்க சாமி. காத்து முன்னாடி முப்பத்து மூணு, பின்னாடி முப்பத்தாறு. சூடா இருக்கும்போது பாக்காதீங்க."

போய்விட்டார்கள்.

அன்றும் மறுநாளும் மழை விடவில்லை. நான் செய்த ஏற்பாடுகள்: சான்றிதழ்களையும் இரண்டு செட் துணியையும் ஒரு பையில் போட்டு அண்ணாச்சி கடையில் வைத்தேன். கோடாரியை மச்சில் ஏற்றினேன். ஸ்டூலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள, வீட்டுச் சாவியைக் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கரண்டியை மட்டும் அவளாகவே எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வண்டி வந்தது. முதலில் மகள் இறங்கி ஓடி வந்தாள்.

"அத்தை, ஒரு லாரி சறுக்கிக் குறுக்கால நின்னுட்டு. அப்பா பிரேக் போட்டாரு! நாங்க எல்லாரும் முன்னால வந்து முட்டிக்கிட்டோம். அரவணை டப்பா உருண்டு போயிட்டு."

"எங்கன வச்சு?"

"எறங்கி வரும்போது. வளைவுல."

"லாரிக்கும் நம்ம வண்டிக்கும் எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

அவள் வீட்டுக்குள் சுற்றிப் பார்த்து, அம்மாவின் கட்டிலைக் காட்டினாள். ஆறு அடிக் கட்டில், மூன்று தப்படிகூட வராது. நான் மனதுக்குள் ஒரு கழித்தல் போட்டேன். கடினமான செட்டே இன்னும் எட்டுத் தப்படி போய் லாரியில் முட்டியிருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன், ஐயப்பன் கைகொடுத்தான் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் மாலையை அம்மாதான் கழற்றுவாள். குளித்துவிட்டு வந்து அவள் முன்னால் தலை குனிந்தான். பார்வை என் மேல் இருந்தது.

"கழட்டும்மா."

"மாட்டேன்."

"என்னது?"

"கெடக்கட்டும்லே. நாப்பத்தோரு நா இந்த வீட்ல நான் பயமில்லாம ஒறங்குனேன். இன்னொரு நாப்பத்தோரு நா கெடக்கட்டும்."

"அம்மா, சாமி குத்தம் ஆயிரும்."

"என் மேல ஆவட்டும். ஒன் அப்பன் கூட முப்பது வருசம் இருந்தேன், சாமி என்ன பெருசா செஞ்சுரப் போறாரு?"

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை. அவன் மகள் தன் மாலையைத் தானாகவே கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள். அண்ணன் தலையை நிமிர்த்தினான். பிறகு சுவரை ஒரு குத்து குத்திவிட்டு வெளியே போனான். காரை பெயர்ந்து விழுந்தது.

மூன்று நாள் அப்படியே அலைந்தான். "என்ன சாமி, திரும்பவும் மலைக்கா?" என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். சிகரெட் பிடிக்க முடியவில்லை. வீட்டில் விறகும் தீர்ந்துவிட்டது. நான்காம் நாள் காலை கோயிலில் குருசாமியிடம் போய்க் கழற்றிக்கொண்டான்.

அவன் வந்தபோது நான் முற்றத்தில் இருந்தேன். இரவல் ரிம்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. டயர்களை அவன் ரிம்களுக்கு மாற்றி எடுத்துவந்து, மூன்று சக்கரம் மாட்டிவிட்டு, நான்காவதில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பார்த்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. முகத்தைச் சவரம் செய்திருந்தான்.

நேராக என்னிடம் வந்தான். வாசலில் மதினி மகளை உள்ளே இழுத்தாள். அம்மா வெளியே வந்தாள். அவன் கை உயர்ந்தது. நான் எழுந்து நின்றேன். வீல் ஸ்பேனர் என் கையில் இருந்தது. அதை எப்போது தோள் உயரத்துக்குத் தூக்கினேன் என்று தெரியாது. அடித்திருப்பேன். எங்கே அடிப்பது என்பதுவரை முடிவு செய்திருந்தேன், புருவத்துக்கு மேலே.

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். என் தையல் தழும்பைப் பார்த்தான். பிறகு கீழே சக்கரத்தைப் பார்த்தான். உயர்ந்த கை அப்படியே நின்று, பிடரியைச் சொறிந்தது.

"அஞ்சு நட்டும் முடுக்கியாச்சா?"

"நாலு. ஒண்ணு பாக்கி."

"கொண்டா, நான் முடுக்குதேன்."

கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவனைப் பார்த்தபடியே குனிந்து, ஐந்தாவது நட்டில் ஸ்பேனரை மாட்டி, இறுகும் வரை முடுக்கினேன்.